மொறிஸ் காரின் பொட்டு

மண்ணெண்ணெய் மணமும் சவர்க்காரக் கட்டியின் மணமும் ஈர இரும்பின் மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், அது எந்தக் கிழமையாக இருந்தாலும் எனக்கு வெள்ளிக்கிழமைதான். மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையோடு விடியும். எங்கள் வீட்டில் சாம்பிராணிக்கு முன்னால் மண்ணெண்ணெய். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், தண்டவாளத்துக்குக் கொஞ்சம் முன்னால், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முற்றத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பே அப்பா சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கறுப்பு மொறிஸ் மைனரின் சில்லுகளில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "தம்பி, எழும்படா, கார் தோயப்போகுது" என்று சத்தம் வைப்பார். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தலைமுழுகுவது 'தோய்வது'. வெள்ளிக்கிழமை அப்பா தோய்வார், அம்மா தோய்வார், நான் தோய்வேன். எங்கள் எல்லோருக்கும் முதலில் கார் தோயும்.

நான் யார் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வத்தளையிலும் ஹெந்தளையிலும் வெள்ளவத்தையிலும் வாகனம் கழுவிப் பொலிஷ் பண்ணும் நிலையங்கள் வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் பள்ளிக்கூடத்தை விட்டேன். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை. இந்தக் கட்டுரையை நானே என் கையால் எழுதினேன். எழுத்துப் பிழை திருத்தியது மட்டும் என் மருமகள். அவள், "மாமா, இவ்வளவு பெருமை வேணுமோ?" என்று கேட்டாள். வேணும் பிள்ளை என்றேன். கையால் தேய்த்து மேலே வந்தவன் தன் கையைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதைப் பற்றிச் சொல்வது?

கார் தோய்ப்பது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் கடற்கரையில் குடியிருக்காதவர்கள். எங்கள் ஒழுங்கையில் இரவு முழுக்கக் கடற்காற்று வீசும்; விடிய எழும்பிப் பார்த்தால் காரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்திருக்கும். அப்பா எஞ்சின் மூடியான பொனற்றில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பார். "உப்புக் கிடக்கு" என்று அவர் சொன்னால் வேலை தொடங்கும். கழுவி முடித்த பின்னும் மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்து "இப்ப பச்சைத் தண்ணி" என்று சொன்னால்தான் வேலை முடியும். கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும்; அது காய்ந்தால் கறுப்புப் பெயின்றில் வெள்ளை வெள்ளையாகத் தேமல் விழும். அதனால் கிணற்றுத் தண்ணீரால் ஊத்தையை இறக்கி, கடைசியில் பைப் தண்ணீரால் 'மேல் கழுவி', வெயில் அதைத் தொடுமுன் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். பைப்பில் தண்ணீர் நூல் போலத்தான் வரும். ஆனபடியால் அம்மா முதல்நாளே அண்டாவில் பிடித்து வைத்திருப்பார். ரயருக்குத் தேங்காய்த் தும்பு, முன்பக்கக் கம்பிவலைக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ், கண்ணாடிக்கு நனைத்துக் கசக்கிய பேப்பர், மட்காட்டுக்கு அடியில் கையை விட்டுச் சேற்றைத் தோண்டத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு. மட்காட்டின் உள்மடிப்புக்குள் அப்பாவின் கை போகாது, என் கை போகும். பெயின்றை மினுக்குவதிலும் அந்த ஒழுங்கையில் எனக்கு நிகர் ஒருவரும் இல்லை. எங்கள் பொனற்றில் முகம் பார்த்துத் தலை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போன ஆட்கள் உண்டு; வேண்டுமென்றால் அவர்களையே கேட்டுப் பாருங்கள், இப்போது அவர்கள் கனடாவில் இருக்கிறார்கள்.

அந்தக் காரில்தான் எங்கள் சீவியம் ஓடியது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பம்பலப்பிட்டிக்கு ஏற்றி இறக்குவார், பிறகு கிடைக்கிற ஹயருக்கு, அதாவது வாடகை ஓட்டத்துக்குப் போவார், பொழுதுபட வீட்டுக்கு வருவார். அது எண்பதுகளின் பிற்பகுதி. 'பொழுதுபட வீட்டுக்கு வருவார்' என்ற அந்தச் சின்ன வசனத்தை அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர்கள் யாரும் சும்மா சொல்லமாட்டார்கள். நகரத்தில் எங்கேயாவது குண்டு வெடித்தால் அன்று மாலைக்குள் சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் தார்ப் பீப்பாய் வைத்து மறித்துவிடுவார்கள். ஐசியில், அடையாள அட்டையில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால், ஓரமாக நில் என்பார்கள். ஓரமாக நின்றவர்களில் சிலர் உடனே வந்தார்கள், சிலர் பிந்தி வந்தார்கள், சிலர் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. காலையில் போன அப்பா மாலையில் வரவேண்டும். அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தார், அப்பா வேறொரு வழி வைத்திருந்தார்.

அம்மாவின் வழி பொட்டு. கார் தோய்ந்து துடைத்து மினுங்க நிற்கும்போது அம்மாவும் தோய்ந்து ஈரத் தலையோடு வந்து, பொனற்றின் நடுவில் உரைத்த சந்தனத்தை வட்டமாக அப்பி அதன் மேல் குங்குமம் வைப்பார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் ஒழுங்கையில் நின்ற கார்கள் எரிந்தபோது எங்கள் மொறிஸ் தப்பியதற்குக் காரணம் அந்தப் பொட்டுத்தான் என்பது அம்மாவின் முடிந்த முடிவு. உண்மையில் அன்றைக்கு ஒழுங்கை முகப்பில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த காசிம் நானா, தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, காரைத் தள்ளிக்கொண்டு போய்த் தன் கடைக்குப் பின்னால் விறகுக் குவியலோடு சேர்த்து மூடி வைத்தார். அதைச் சொன்னால் அம்மா, "ஓம், நானாவுக்கு அந்தப் புத்தியைக் குடுத்தது ஆர்?" என்று கேட்பார்.

அப்பாவின் வழி அதற்கு நேர் எதிர். "பொட்டோடை போனால் ஐசி பாக்கத் தேவையில்லையடா, கார் தூரத்திலையே தமிழ் கதைக்கும்" என்பார். அப்பாவின் சிங்களம் சுத்தமான சிங்களம். ஹலோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனால் பாதி இடத்தில் ஐசி கேட்காமலே விட்டுவிடுவார்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் குங்குமம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. ஆனால் இதை அம்மாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் என்னையும் முன் ஆசனத்தில் ஏற்றிக்கொள்வார். ஒழுங்கை ஒரு வளைவு வளைந்து காலி வீதியைத் தொடும். வளைவு தாண்டியதும் எங்கள் வீட்டு வாசல் படலை தெரியாது. அந்த இடத்தில், காசிம் நானாவின் கடைக்கு முன்னால், பிரேக்கை அழுத்துவார். நான் ஆசனத்துக்குக் கீழே செருகி வைத்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கி, பொட்டைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வருவேன். அம்மா கேட்டால், "ஒழுங்கை முகப்பு மட்டும் ஓடிப் பாத்தனான், எஞ்சின் நல்லாய்க் கிடக்கு" என்று சொல்லவேண்டும். அம்மா படலையில் நின்று, தான் வைத்த பொட்டு அப்பாவைக் காவிக்கொண்டு வரும் என்று நம்பி வீட்டுக்குள் போவார்.

காசிம் நானா இதை வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணியை உயர்த்தி ஆற்றியபடியே கடைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். "என்ன மகன், மாப்புளைக்கு மொகம் தொடச்சி முடிஞ்சா?"

"முடிஞ்சுது நானா."

"வீட்ல ஒரு மதம், ரோட்ல ஒரு மதம். ஒங்கட காரு எங்களயும் விடக் கஷ்டப்படுது."

அப்பா சிரிப்பார். ஆனால் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "வடிவாய்த் துடைச்சனியே? சந்தனம் காய்ஞ்சால் வெள்ளையாய்த் தெரியும், இன்னுமொருக்கால் தேய்" என்பார். நான் தேய்ப்பேன். எனக்குத் தேய்க்கச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. சும்மா ஒரு இடத்தில் கையை வைத்தாலே அந்த இடம் மினுங்கவேண்டும் என்பது என் கொள்கை.

அப்போதுதான் அந்தக் கலியாண ஹயர் வந்தது. கொட்டாஞ்சேனையில் அந்தோனி மாஸ்டர் என்றொருவர். அவருடைய மகளுக்கு ஹெந்தளைப் பக்கத்து வேதக்கோயில் ஒன்றில் திருமணம். பொம்பிளை ஏறிப் போவதற்குக் கார் பார்க்க வந்தவர், எங்கள் மொறிஸைச் சுற்றி வந்து, பொனற்றில் குனிந்து தன் மீசையைச் சரிபார்த்து, "இது காரில்லை, கண்ணாடி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் செய்தவன் நான். அப்பாவுக்கு அது முதல் கலியாண ஹயர். "ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலை நிப்பன் மாஸ்டர்" என்று கையடித்துக் கொடுத்தார். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. பல்பசை போலப் பிசுபிசுக்கும், உள்ளே பொடிமணல் மாதிரி ஒரு நறுநறுப்பு இருக்கும் பெயின்ற் தேய்க்கும் மருந்து ஒரு தகரம் அப்பா வாங்கி வந்தார். பழைய பெயின்றின் மேல்தோலை அது மெல்ல உரித்துப் புதுத்தோலை வெளியே கொண்டுவரும். நான் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றமுன்னர் அந்தத் தகரத்தைத் திறந்துவிடுவேன். கதவு, டிக்கி, மட்காட், பொனற். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்தது, கார் கண்ணாடியானது.

சனிக்கிழமை விடிய அம்மா தோய்ந்துவிட்டு வந்தார். கலியாணக் காரென்பதால் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு. சில்லுக்கு எலுமிச்சம்பழம். சின்னக் கற்பூரத் தட்டு. "நல்ல காரியத்துக்குப் போற கார், மூளியாய்ப் போகக் கூடாது" என்றார். கோயில் வாசலில் கடைசித் தூசி தட்டுவதற்காக நானும் அன்றைக்கு முழுத் தூரமும் போகவேண்டியிருந்தது. புதுச் சட்டை போட்டிருந்தேன். அப்பா வளைவு தாண்டிப் பிரேக் பிடித்தார். நான் துணியோடு இறங்கினேன். கையில் வந்தது அந்தக் கிழமை முழுக்க மருந்து தேய்த்த அதே துணி.

சந்தனம் போயிற்று. குங்குமம் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சிவப்புக் குறையவில்லை, கூடியது. எச்சில் துப்பித் தேய்த்தேன். இன்னும் வட்டமாக, இன்னும் சிவப்பாக வந்தது. அப்பா கதவைத் திறந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"டேய்... இது குங்குமமில்லையடா. பெயின்ற் போயிட்டுது. அடியிலை பூசின சிவப்பு மை தெரியுது."

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் செங்காவி நிறத்தில் ஒரு பூச்சுப் பூசி, அதன் மேல்தான் கறுப்பை அடிப்பார்கள். வெள்ளிக்கு வெள்ளி ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் கறுப்பு மெலிந்து வந்திருக்கிறது. கடைசியில் மருந்துத் துணி அதை முடித்து வைத்தது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெறும் கையாலும் துணியாலும் ஒரு காரின் பெயின்றை அடிப்பூச்சு வரை தேய்த்து இறக்கிய இன்னொரு பொடியனைக் கொழும்பில் காட்டுங்கள் பார்க்கலாம்.

காசிம் நானா கோப்பையோடு வெளியே வந்து பார்த்தார். பகிடி ஒன்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு கறுத்தச் சப்பாத்துப் பொலிஷ் தகரத்தை எடுத்து வந்தார். "இத அப்புங்கொ. போய் வந்து பாத்துக்கொள்ளலாம்." அப்பா அப்பினார். வெயிலில் உருகும் என்று நான் அப்போதே சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. உருகியது.

பம்பலப்பிட்டி தாண்டிச் சிறிது தூரத்தில் பீப்பாய் வைத்திருந்தார்கள். அப்பா வழமைபோலச் சிரித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். ஒரு இளம் ஆமிக்காரன் முன்னால் வந்து, காரின் மினுக்கத்தைப் பார்த்துத் தானும் சிரித்து, ஒரு கையைப் பொனற்றின் நடுவில் ஊன்றிக்கொண்டு, "மகுலத?" என்றான். கலியாணமோ என்று கேட்கிறான். அப்பா ஓம் என்றார். அவன் போகச் சொல்லிக் கையை எடுத்தான். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. கையைப் பார்த்தான், பொனற்றைப் பார்த்தான், கறுப்புக்கு நடுவில் சிவப்பாக வழிந்து தெரிந்த வட்டத்தைப் பார்த்தான். சிரிப்புப் போய்விட்டது.

"பஹின்ன."

இறங்கினோம். அவன் கூப்பிட, கொஞ்சம் வயதான சார்ஜன் ஒருவர் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தார். கைலேஞ்சியை எடுத்து மிச்சப் பொலிஷையும் துடைத்தார். கறுப்புக் கண்ணாடியின் நடுவில் செக்கச் செவேல் என்று ஒரு வட்டம். பூசி மறைத்த அடையாளம். யாருக்குக் காட்ட இந்த அடையாளம், ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்டார். அப்பா, பெயின்ற் போய்விட்டது, கலியாணமென்பதால் பூசினேன் என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் பெயின்ற் தானாகப் போனால் வட்டமாகவா போகும்? ஐசியை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார்கள். அப்பாவின் சுத்தமான சிங்களம் அந்த இடத்தில் தடக்கி நின்றது. "ஓரமாக நில்" என்றார்கள்.

அப்பா ஓரமாக நின்றார். அவர் ஓரமாக நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பீப்பாய்க்குப் பக்கத்தில், கலியாணத்துக்கென்று போட்ட வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். ஆமிக்காரர் பின் ஆசனத்தைக் கழற்றி வீதியில் வைத்தார்கள். கால்மிதியை இழுத்தார்கள். டிக்கியில் இருந்த ரிபன் சுருளை அவிழ்த்துக் கொட்டினார்கள். சிரட்டைத் துண்டால் நான் தோண்டித் தோண்டித் துப்பரவாக்கிய மட்காட்டுக்குள் ஒருவன் கையை விட்டுத் துழாவினான். கையில் ஒரு துளி ஊத்தை படவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சார்ஜன் என்னிடம் வந்து குனிந்தார். இது என்ன என்று கேட்டார். என் சிங்களம் ஒழுங்கையில் பந்தடித்துப் பழகிய சிங்களம். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"அம்மா பொட்டுவ தியனவா. தாத்தா கியனவா. மம மக்கனவா."

அம்மா பொட்டு வைக்கிறா. அப்பா சொல்லுகிறார். நான் அழிக்கிறேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதைவிடத் திறமாக ஒரு நாளும் பேசவில்லை.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையால் வைப்பது போலவும் துடைப்பது போலவும் காட்டி, ஒவ்வொரு கிழமையுமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அவர் பொனற்றையும் ஓரமாக நின்ற அப்பாவையும் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். "அம்மா தன்னவாத?" அம்மாவுக்குத் தெரியுமா?

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் சோதனையைப் பாதியில் நிறுத்தவில்லை. எல்லாம் பார்த்து முடியத்தான் ஐசியைத் திருப்பிக் கொடுத்தார். ஆசனத்தை நாங்களே தூக்கிப் பூட்டினோம். அப்பா கோட்டைப் பக்கம் வரை வேகமாக ஓட்டினார். பிறகு, "மக்கனவா எண்டு சொல்ல எங்கையடா பழகினனீ?" என்றார்.

"பள்ளிக்கூடத்திலை கரும்பலகை அழிக்கிறது நான்தானே."

கொட்டாஞ்சேனையில் அந்தோனி மாஸ்டர் கோட்டும் சூட்டுமாய் வியர்த்துப்போய் வீதியில் நின்றார். "ஏழு மணி எண்டீங்களே!" என்று கத்திக்கொண்டு வந்தவர், கசங்கிய ரிபனையும் அப்பாவின் முகத்தையும் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தார். எங்கே மறித்தார்கள் என்று மட்டும் கேட்டார். அந்தக் காலத்தில் பிந்தி வந்தவரிடம் வேறு கேள்வி கேட்பதில்லை. பிறகு பொனற்றைப் பார்த்தார். "என்ன இது? எங்கட பிள்ள பூசைக்குப் போற கார் சைவக் காராய் எல்லோ நிக்குது!"

வெள்ளைக் கவுனும் முக்காடுமாய்ப் படியில் நின்ற பொம்பிளைதான் சொன்னா: "இருக்கட்டும் டடா. காரும் பொட்டு வச்சிக் கலியாணத்துக்கு வரட்டும். ஏறுவோம், ஃபாதர் கத்தப் போறார்." ரிபனை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, அது சந்திக்கும் இடத்தில் பூங்கொத்தை வைத்தபோது, வட்டம் அதற்குக் கீழே மறைந்தது. களனி ஆற்றைத் தாண்டி, வத்தளையைத் தாண்டி, ஹெந்தளைக் கோயிலில் மணி அடித்து ஓயப் போய்ச் சேர்ந்தோம். நான் குதித்து இறங்கித் தூசி தட்டினேன். படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் பொம்பிளையும் இருக்கிறா, பொனற்றில் என் முகமும் இருக்கிறது.

பொழுதுபட வீட்டுக்கு வந்தோம். பூங்கொத்தையும் ரிபனையும் கோயிலிலேயே கழற்றியாகிவிட்டது. வழமையாக வளைவுக்கு இந்தப் பக்கம் ஹோன் அடிப்பார் அப்பா, அன்றைக்கு அடிக்கவில்லை. அம்மா படலையில்தான் நின்றார். காரைப் பார்த்தார். பொனற்றைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியளே! விடிய வைச்ச பொட்டு. இவ்வளவு தூரம், இவ்வளவு வெயில், காத்து. அழியேல்லை, பாத்தியளே!"

கிட்ட வந்து அந்த வட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்திருந்தால் அம்மா சாகும்வரை அந்தப் பொட்டை ஒரு அற்புதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார், ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்து கும்பிட்டிருப்பார்கள். ஆனால் அப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்:

"அது நீர் வைச்சதில்லையப்பா. நாங்கள் அழிச்சது."

அம்மாவுக்கு விளங்கவில்லை. அப்பா எல்லாவற்றையும் சொன்னார்: வளைவு, துணி, நானாவின் கடை, வெள்ளிக்கு வெள்ளி, இன்றைக்கு மறித்தது, ஓரமாக நின்றது. அம்மா நெற்றியில் இருந்த தன் பொட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அது இருந்தது.

"பொட்டழிக்கிறது எண்டால் என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்றார். சத்தமே இல்லை. "ஆர் செத்தால் ஆற்றை பொட்டை அழிக்கிறது எண்டு தெரியுமோ? உங்கடை சீவனுக்கெண்டு நான் வைச்சதை, நான் பெத்த பிள்ளையைக் கொண்டு, வெள்ளிக்கிழமையிலை..."

"அது இருந்தால்தான் வரமாட்டன் எண்டு பயந்தனான்."

"அது இல்லாட்டி வரமாட்டியள் எண்டெல்லோ நான் பயந்தனான்."

இரண்டு பேரும் காருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். நடுவில் பொனற். கடலில் இருந்து வந்த காற்று அதற்குள்ளேயே அதன்மேல் உப்பைப் படியவிட்டுக்கொண்டிருந்திருக்கும். அம்மா உள்ளே போனார். குசினியில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கும் என்று பார்த்திருந்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமச் சிமிழோடும் திரும்பி வந்தார்.

"அந்தப் பொனற்றைத் திறவுங்கோ."

அப்பா திறந்தார். அம்மா குனிந்து, தூக்கி நிறுத்திய பொனற்றின் உட்புறத்தில், வெளியே அந்தச் சிவப்பு வட்டம் இருந்த இடத்துக்கு நேர் பின்னால், ஒயில் கறை படிந்த தகட்டில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

"சாமிக்கு உள்ளென்ன, வெளியென்ன. ஆமிக்காரனுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "அந்தத் துணியை இஞ்சை தா."

ஆசனத்துக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார். மண்ணெண்ணெயும் மருந்தும் ஊறிய துணி, குப்பென்று பற்றியது.

வெளியே இருந்த வட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடிப்பித்தார் அப்பா. ஒழுங்காகக் கராஜில் கொடுத்து அடித்ததுதான். ஆனாலும் காலை வெயில் சரிந்து விழும்போது எனக்கு மட்டும் அந்த இடம் தெரியும். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கார் தோய்ந்ததும் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருப்போம். அப்பா ஒவ்வொரு பொழுதும் வீட்டுக்கு வந்தார். பொட்டு உள்ளே இருந்ததாலா, வெளியே இல்லாததாலா என்று வீட்டில் ஒருவரும் பிறகு வாதாடவில்லை. வயது போய், கண் மங்கி, தன் கட்டிலில் படுத்துத்தான் அவர் செத்தார். அந்தக் காலத்தில் ஓடித் திரிந்த ஒரு தமிழ் ஹயர்க்காரனுக்கு அதைவிடப் பெரிய கெட்டித்தனம் இல்லை.

மொறிஸை அவர் கண் மங்கிய காலத்திலேயே வத்தளைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். என் கையில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கிய பிறகு தேடிப் போனேன். அது கைமாறிக் கைமாறி, பிரித்துத் துண்டு துண்டாகப் போய்விட்டது என்றார்கள். எங்கள் வாடகை வீடு இருந்த இடத்தில் தொடர்மாடி நிற்கிறது, கடலை மறைத்துக்கொண்டு. பீப்பாய்கள் இல்லை. அந்தோனி மாஸ்டர் இல்லை. காசிம் நானாவின் கடை இப்போது கைத்தொலைபேசிக் கடை. அவருடைய பேரன் நடத்துகிறான், அவனுடைய வான் வண்டியை என்னிடம்தான் கழுவக் கொண்டுவருகிறான். என் நிலையங்களில் நுரை தானாகத் துப்பும், காற்றுத் தானாகத் தண்ணீரை ஊதித் தள்ளும், பீங்கான் போல ஒரு பூச்சுப் பூசிக் கொடுக்கிறோம். என்றாலும் வாகனம் வெளியே போகுமுன் நான் பொனற்றில் விரலை இழுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். புதிதாக வருகிற ஆட்கள் இந்தக் கிழவனுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். கடலோரத்து உப்பு இயந்திரத்துக்குப் பிடிபடாது.

அம்மாவும் போய்விட்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் மருமகள்தான், இந்தக் கட்டுரையைத் திருத்துகிறவள், என் பெரிய வெள்ளை வாகனத்துக்குப் பொட்டு வைக்கிறாள். வெளியே, பொனற்றின் நடுவில், ஊர் பார்க்க. நான் இன்னமும் அதே ஒழுங்கையில்தான், ஆனால் மேல்மாடியில், சொந்த வீட்டில் இருக்கிறேன். வாகனத்தை எடுத்துக்கொண்டு காலி வீதிக்கு ஏறுகிறேன். வளைவு தாண்டியதும், கைத்தொலைபேசிக் கடைக்கு முன்னால், நான் நினைக்காமலே என் கால் பிரேக்கை அழுத்துகிறது. பின்னால் வருகிற முச்சக்கரவண்டிக்காரன் ஹோன் அடிக்கிறான், "என்ன ஐயா, வண்டி நிண்டு போச்சோ?" என்று தலையை நீட்டிக் கேட்கிறான். என் கை ஆசனத்துக்குக் கீழே போய்த் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. அந்தத் துணியை அம்மா அன்றைக்கே அடுப்பில் வைத்துவிட்டார்.